செங்கேணியக்காவின் குரல் எந்த டேப்பில்?

போன வாரம் இந்தப் பத்தி வரவில்லை. உடம்பு சரியில்லையா என்று சிலர் விசாரித்திருந்தீர்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை. மனசுதான் நாலைந்து நாள் ஒரு நிலையில் இல்லை. காரணம் - நான் ஒருவருடைய குரலை அழித்துவிட்டேன்.

சத்தியமாகத்தான் சொல்கிறேன். கத்தி எதுவும் எடுக்கவில்லை. மவுஸ்தான் எடுத்தேன்.

எழுதுவது போக எனக்கு ஒரு பகல் வேலை உண்டு என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். புதியவர்களுக்காக: கடலோர உப்பளம் பகுதியில் ஒரு சின்னப் பேச்சுப் பயிற்சி மையத்தில் அலுவலக நிர்வாகி. திக்கிப் பேசும் பிள்ளைகள், பக்கவாதம் வந்து வார்த்தை தடுமாறுகிறவர்கள், தொண்டையில் ஆபரேஷன் ஆனவர்கள் என்று தினம் பத்து இருபது பேர் வருவார்கள். அவர்களின் ஆடியோ, வீடியோ எல்லாம் ஸ்டோர் ரூமில் ஏசிக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் ஒரு கறுப்புப் பெட்டிக்குள் போய்ச் சேரும். ஃபைல் சர்வர் என்று பெயர். அதைப் பார்த்துக்கொள்வதும் என் பொறுப்புத்தான். எனக்குக் கம்ப்யூட்டர் தெரியும் என்பதற்காகக் கொடுத்த பொறுப்பு இல்லை. ஸ்டோர் ரூம் சாவி என்னிடம் இருந்ததால் வந்தது!

இரண்டு வாரம் முன்பு, ஒரு செவ்வாய்க்கிழமை காலை. செங்கேணியக்காவும் அவர் மகள் கலாவும் வந்தார்கள்.

அக்கா பிள்ளைச்சாவடிக்காரர். கரைக்கு வரும் மீனை ஏலம் கூறுகிறவர். கூறியவர் என்று சொல்ல வேண்டும். குரல்வளையில் புற்றுநோய். போன தை மாதக் கடைசியில் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். இப்போது கழுத்தில் ஒரு துவாரம் வழியாகத்தான் மூச்சு. அதன் மேல் எப்போதும் வெள்ளைத் துணி. உதடு அசையும், சத்தம் வராது.

ஆபரேஷனுக்கு முன்னாலேயே அவரை இரண்டு முறை வரவழைத்து, எங்கள் தெரபிஸ்ட் அவர் குரலைப் பதிவு செய்து வைத்திருந்தார். பின்னால் அதைத் துண்டு துண்டாக வெட்டி போனில் ஏற்றிவிடலாம். பட்டனைத் தொட்டால் அவர் குரலே பேசும். ஆனால் ஆபரேஷன் முடிந்ததும் அக்கா அந்தப் பேச்சையே எடுக்க விடவில்லை. ‘என் தொண்டையே போச்சு, போன்ல இருந்தா என்ன, இல்லாட்டி என்ன’ என்று கோபமாக எழுதிக் காட்டினார். ஒன்பது மாதம் வீட்டுக்குள்ளேயே இருந்தார்.

அன்றைக்குத்தான் மனசு மாறி வந்திருந்தார்.

“எங்கம்மா மறுபடியும் ஏலத்துக்குப் போவணும்ங்குது மேடம்,” என்றாள் கலா. “அந்தக் கொரல எடுத்துக் குடுத்துடுங்க. நான் பக்கத்துல நின்னு அமுக்கறேன்.”

எங்கள் மையத்தின் தலைவி ரெஜினா மேடத்துக்கு முகமெல்லாம் சிரிப்பு. “உடனே எடுக்கலாம்,” என்று என் பக்கம் திரும்பினார்.

நான் தேடினேன். ‘செங்கேணி’ என்று தேடினேன். கிடைக்கவில்லை. ‘Sengeni’ என்று ஆங்கில எழுத்தில் நாலு விதமாக எழுதித் தேடினேன். இல்லை. பதிவு செய்த தெரபிஸ்ட் கல்யாணமாகிக் கோயம்புத்தூர் போய்விட்டார். போன் போட்டேன்.

“பேர் வைக்க நேரமில்லக்கா. ‘புதிய ஃபோல்டர் 2’ன்னு இருக்கும், பாருங்க.”

“ரெக்கார்டர்ல இருந்த கார்டு?”

“அத அழிச்சிட்டு அடுத்த பேஷண்டுக்குப் போட்டோமே. அதான் சர்வர்ல இருக்கேன்னு...”

போனைக் கீழே வைத்தேன். புதிய ஃபோல்டர் 2 எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. மே மாதம், சனிக்கிழமை மத்தியானம். சர்வர் நிரம்பிவிட்டது என்று சிவப்புக் கோடு காட்டியது. இடம் பண்ண உட்கார்ந்தேன். புதிய ஃபோல்டர், புதிய ஃபோல்டர் 2, புதிய ஃபோல்டர் 3... எவனோ ஒரே குப்பையை மூன்று முறை காப்பி பண்ணியிருக்கிறான் என்று நினைத்தேன். திறந்துகூடப் பார்க்கவில்லை. மூன்றையும் சேர்த்துத் தேர்வு செய்து, அழித்தேன். சிவப்புக் கோடு பச்சையானது. என்னை நானே தட்டிக்கொடுத்து டீ குடிக்கப் போனேன்.

இதை எப்படிச் சொல்வது?

ஒரு நிமிடம் ஒரு பொய் தயாரானது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ‘சர்வர் கெட்டுப்போச்சு அக்கா.’ எவ்வளவு சுலபம்! இயந்திரம் எதிர்த்துப் பேசவா போகிறது? ஆனால் அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பேச முடியாதவர்கள் முகத்தை வாசிக்கிற வேகம் இருக்கிறதே... அதன் முன்னால் பொய் நிற்காது.

“அக்கா, நான்தான் அழிச்சிட்டேன். தெரியாம. மே மாசம்.”

கலா எழுந்தே விட்டாள். “இன்னா மேடம் இது? அது இன்னா கிழிஞ்ச பேப்பரா? எங்கம்மா கொரலு மேடம்!”

அக்கா அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தார். இடுப்பிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தார். ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். பெரிய பெரிய எழுத்தில் ஒரே ஒரு வார்த்தை எழுதி என் பக்கம் திருப்பினார்.

தேடு.

பாஸ்கரைக் கூப்பிட்டேன். எங்கள் கம்ப்யூட்டர்களைப் பராமரிக்கிறவர். எங்கள் ஊர் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் சின்னதாக ஒரு சர்வீஸ் கடை. “தினமும் சாயந்தரம் இன்னொரு ஹார்ட் டிஸ்க்ல காப்பி ஆவுதே பாஸ்கர், அதுல இருக்குமில்ல?” என்றேன் ஆசையாக.

“அது கண்ணாடி மாதிரி மேடம். சர்வர்ல இருந்தா அதுலயும் இருக்கும். நீங்க இங்க அழிச்சீங்கன்னா, அன்னிக்கி சாயந்தரமே அங்கயும் அழிஞ்சிருக்கும்.”

அப்படியானால் இத்தனை நாளும் பேக்கப் இருக்கிறது என்று நிம்மதியாக இருந்தோமே... அது என்ன நிம்மதி?

பாஸ்கர், “பொங்கல் கழிச்சி ஒரு டெஸ்ட் பண்ணோமே, ஞாபகம் இருக்கா?” என்றார்.

இருந்தது. நினைக்கவே அசட்டுத்தனமாக இருந்தது. பொங்கல் முடிந்த வாரம் பாஸ்கர் ஒரு பழைய டேப் டிரைவைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். பாட்டு கேட்ட டேப் இல்லை. உள்ளங்கை அளவுக் கறுப்புப் பெட்டி, உள்ளே காந்த நாடா. எங்கள் சர்வர் முழுவதையும் ஒன்றில் அடக்கிவிடலாம் என்றார். டேப்புகளை எப்படி மாற்றி மாற்றிப் போடுவது என்று ஒரு தாளில் மூன்று திட்டம் எழுதிக் கொடுத்தார். ஒன்று, ஒரே டேப்பில் தினமும் மேலே மேலே எழுதுவது. இரண்டு, திங்கள் முதல் வெள்ளி வரை நாளுக்கு ஒரு டேப், அடுத்த திங்கள் அதே டேப் திரும்ப வரும். மூன்றாவது, தினசரி டேப், வாரத்துக்கு ஒரு டேப், மாதத்துக்கு ஒரு டேப் - மாத டேப்பை ஒரு வருஷம் தொடக்கூடாது. இதற்குத் ‘தாத்தா - அப்பா - பிள்ளை’ முறை என்று பெயராம்.

“இது பேக்கப்பா, கல்யாணப் பத்திரிகையா?” என்று கேட்டுச் சிரித்தவள் நான். அத்தனை டேப்பை யார் மாற்றி மாற்றிப் போடுவது? இரண்டாவதே யதேஷ்டம் என்று மனசுக்குள் முடிவு பண்ணிக்கொண்டு, தாளைக் காலண்டருக்குப் பின்னால் செருகினேன். அது அங்கேயே இருந்தது.

அன்றைக்கு டெஸ்டுக்காக சர்வர் முழுவதையும் ஒரு டேப்பில் எடுத்துப் பார்த்திருந்தார் பாஸ்கர். அந்த டேப் எங்கே?

“கடையில ரெண்டு டெஸ்ட் டேப் கெடக்குது மேடம். ஒண்ணுல உங்களது. ஆனா... நடுவுல வேற எடத்துக்கும் ஒரு டெஸ்ட் பண்ணேன். எந்த டேப்ல பண்ணேன்னு தெரியல. ரெண்டுலயும் ‘டெஸ்ட்’னுதான் எழுதியிருக்குது.”

மறுநாள் காலை நான் மேட்டுப்பாளையம் கிளம்பினேன். வாசலில் செங்கேணியக்காவும் கலாவும் நின்றிருந்தார்கள். நோட்டில் முன்னதாகவே எழுதிக்கொண்டு வந்திருந்தார்: ‘நானும் வரேன்.’

பாஸ்கர் கடைக்குப் பக்கத்தில் தகரம் வெட்டுகிற பட்டறை. நிமிஷத்துக்கு ஒரு தடவை தரையே அதிரும். மூன்று பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டார். முதல் டேப்பை டிரைவில் தள்ளினார். ‘கிர்ர்’ என்று உள்ளே இழுத்துக்கொண்டது. சிறிது நேரம் கழித்துத் திரையைப் பார்த்தவர் உதட்டைப் பிதுக்கினார்.

“இது வேற எடத்து டேட்டா மேடம். மேல எழுதிட்டேன்.”

“அடியில நம்மளது இருக்காதா?”

“டேப்புல மேல, அடின்னு கெடயாது மேடம். எழுதின எடத்துல பழசு போச்சுன்னா போச்சு.”

கலா தலையைக் குனிந்துகொண்டாள். அக்கா மட்டும் இரண்டாவது டேப்பைச் சுட்டிக் காட்டினார்.

அதைப் போடுவதற்கு முன் பாஸ்கர் அதன் ஓரத்தில் இருந்த ஒரு சின்னத் தாழ்ப்பாளை நகத்தால் தள்ளினார். “இத நவுத்திட்டா படிக்கத்தான் முடியும், எழுத முடியாது. நானே தப்பு பண்ணாலும் அழியாது.” அடடா, எனக்கு ஒரு தாழ்ப்பாள் மே மாதம் யாராவது போட்டிருக்கக் கூடாதா?

டேப் ஓடியது. ஆனால் எதுவும் தெரியவில்லை. டேப்பில் எது எங்கே இருக்கிறது என்கிற பட்டியல் பாஸ்கரின் பழைய லேப்டாப்பில் இருந்ததாம். அந்த லேப்டாப்பை அழித்து வேறு வேலைக்குப் போட்டுவிட்டார். இனி டேப்பை முதலிலிருந்து கடைசி வரை படிக்கவைத்துத்தான் பட்டியலைத் திரும்ப உண்டாக்க வேண்டும். எவ்வளவு நேரம்?

“சாயந்தரம் ஆவும்.”

உட்கார்ந்திருந்தோம். பதினோரு மணிக்கு ஆரம்பித்தது. பக்கத்துக் கடையிலிருந்து தயிர்சாதம் வந்தது, யாரும் முழுதாகச் சாப்பிடவில்லை. நேரம் போகக் கலா கொஞ்சம் இளகினாள். அம்மா ஏலம் கூறினால் பெரிய காலாப்பட்டு ரோட்டில் போகிறவர்கள்கூட வண்டியை நிறுத்திப் பார்ப்பார்கள் என்றாள். “வீட்ல கூப்புட்டா மூணு வீடு தள்ளி இருக்கறவங்க ‘இன்னாக்கா’ன்னு வருவாங்க. இப்ப நான் அடுப்படியில நின்னா எனக்கே தெரியாம பின்னால வந்து நிக்குது மேடம். திடுக்குனு இருக்குது.”

நாலரை மணிக்குப் பெயர்கள் வர ஆரம்பித்தன. திரையில் வரிவரியாக எங்கள் சர்வரின் பொங்கல் கால முகம். பழைய படிவங்கள், விடுமுறைப் பட்டியல்... புதிய ஃபோல்டர். புதிய ஃபோல்டர் 2.

பாஸ்கர் முதல் ஃபைலைத் தனியாகப் பிரித்தெடுத்து ஸ்பீக்கரில் போட்டார். ஒரு இருமல். “பேசுங்கக்கா” என்று தெரபிஸ்டின் குரல். பிறகு... கணீரென்று, கொஞ்சம் கரகரத்து, யாருக்கும் அடங்காத ஒரு குரல்:

“இன்னாத்தப் பேசச் சொல்ற? இத்தெல்லாம் எடுத்து எங்கம்மா வெக்கப் போறீங்க?”

பட்டறைச் சத்தம்கூட நின்ற மாதிரி இருந்தது. எங்கம்மா வைக்கப் போறீங்க! வருஷம் முழுக்க நான் கேட்டுக்கொள்ளாத கேள்வியை, அவர் பதிவின் முதல் வரியிலேயே கேட்டு வைத்திருக்கிறார்.

கலா அழுதாள். அக்கா அழவில்லை. கழுத்துத் துணி மேல் கையை வைத்துக்கொண்டு, தோள் குலுங்க, சத்தமில்லாமல் சிரித்தார். பிறகு விரலைச் சுழற்றிக் காட்டினார். இன்னொரு வாட்டி!

எல்லாம் கிடைத்துவிட்டது என்று எழுத ஆசைதான். கிடைக்கவில்லை. முதல் பதிவு பொங்கலுக்கு முன் நடந்தது, அது முழுதாக இருந்தது. இரண்டாவது பதிவு ஆபரேஷனுக்கு இரண்டு நாள் முன்பு. டெஸ்ட் டேப் அதற்கும் முந்தியது. அந்த இரண்டாவது பதிவில்தான் வீட்டில் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருந்தார் அக்கா. அது போனது போனதுதான். என்னால் போனது.

ஆனால் இரண்டு நாள் கழித்து, ரெஜினா மேடம் முதல் பதிவைத் துண்டு வெட்ட உட்கார்ந்திருந்தபோது என்னைக் கத்திக் கூப்பிட்டார். ஹெட்போனை என் காதில் மாட்டினார். இரண்டு வாக்கியத்துக்கு நடுவே, பதிவு ஓடுவது தெரியாமல், அக்கா திரும்பிப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்: “ஏ கலா, அந்தத் தண்ணிய எடு.”

மகள் பெயர் இருக்கிறது! ரெஜினா மேடம் உடனே பாஸ்கருக்குப் போன் போட்டு, “மெர்சி பாஸ்கர், மெர்சி,” என்று பிரெஞ்சில் நாலு தடவை நன்றி சொன்னார்.

மறுநாளே காலண்டருக்குப் பின்னாலிருந்து அந்தத் தாளை எடுத்தேன். நான், ரெஜினா மேடம், பாஸ்கர் மூவரும் உட்கார்ந்தோம். துண்டுகளைக் கேட்டுச் சரி சொல்ல வந்திருந்த அக்காவும் எதிரில் இருந்தார்.

“ஏன் மேடம், எல்லாரும் கிளவுடுங்கறாங்களே?” என்றேன்.

“நம்ம பேஷண்டுகிட்ட வாங்கின கையெழுத்துல, பதிவு நம்ம மையத்துக்கிட்டதான் இருக்கும்னு எழுதியிருக்கோம். அவங்க முகம், குரல். அதைக் கேட்காம வெளில அனுப்ப முடியாது,” என்றார் ரெஜினா மேடம். எனக்கு இன்னொரு காரணமும் தோன்றியது. டிரைவிலிருந்து வெளியே எடுத்து அலமாரியில் வைத்த டேப்புக்கு என் மவுஸ் எட்டாது!

பாஸ்கர் மூன்று திட்டத்தையும் மறுபடி விளக்க ஆரம்பித்தார். நான் நிறுத்தினேன். எனக்கு இப்போது ஒரு கேள்வி மட்டும் போதும். ஒரு பொருள் தொலைந்தால், தொலைந்தது என்பது நமக்கு எத்தனை நாள் கழித்துத் தெரிகிறது? எனக்குத் தெரிய ஐந்து மாதத்துக்கு மேல் ஆனது. நான் ஆசைப்பட்ட இரண்டாவது திட்டம் மே மாதமே நடைமுறையில் இருந்திருந்தால்? அந்த வாரத்து டேப்புகள் அடுத்த வாரமே மேலே எழுதப்பட்டிருக்கும். ஜூன் பிறக்கும்போது ஐந்து டேப்பிலும் அக்கா இருந்திருக்க மாட்டார். தினமும் ஒழுங்காக பேக்கப் எடுத்து, ஒழுங்காக இழந்திருப்போம்.

“தாத்தாவையே கூப்பிடுங்க பாஸ்கர்,” என்றேன்.

அப்படித்தான் முடிவானது. திங்கள் முதல் வியாழன் வரை அன்றன்று மாறியது மட்டும். வெள்ளிக்கிழமை சர்வர் முழுவதும். மாதக் கடைசி டேப் ஒரு வருஷத்துக்கு அசையாது. ஆபரேஷனுக்கு முன் எடுக்கிற குரல்கள் மட்டும் தனியாக இரண்டு டேப்பில், தாழ்ப்பாள் தள்ளி, என்றைக்கும் அழிக்காமல். நோயாளிகளின் பதிவு பூட்டில்லாமல் ஒரு கடை மேஜையில் பத்து மாதம் கிடந்ததே என்று ரெஜினா மேடம் கோபப்பட்டார். நியாயம்தான். இனி டேப்பில் ஏறுவது எல்லாம் பாஸ்வேர்டு போட்டுத்தான் ஏறும்.

டேப்புகளை எங்கே வைப்பது என்று வந்தது. “ஸ்டோர் ரூம்லயே சர்வர் பக்கத்துல ஒரு அலமாரி...” என்று நான் ஆரம்பித்தேன். அக்கா மேஜையைத் தட்டினார். நோட்டில் வேகமாக எழுதினார்.

‘புயல்னு சொன்னா நாங்க பத்திரம் ஆதார் எல்லாம் பையில கட்டி கடலுக்குத் தள்ளி இருக்கற சொந்தக்காரங்க ஊட்டுல குடுத்துடுவோம். கடல் பக்கத்துல எல்லாத்தையும் வெப்பியா?’

பாஸ்கர் அந்த நோட்டைக் கையில் வாங்கிப் படித்தார். “மேடம், இதுக்குப் படிச்சவங்க தனியா பேரெல்லாம் வெச்சிருக்காங்க,” என்றார். வெள்ளிக்கிழமை டேப்பும் மாத டேப்பும் இப்போது கடலை விட்டுத் தள்ளியிருக்கும் வில்லியனூரில் எங்கள் கிளை இருக்கும் மாடியில், ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு பூட்டிய பெட்டியில் இருக்கின்றன. முதல் பெட்டியை நானே பஸ்ஸில் மடியில் வைத்து எடுத்துப் போனேன்.

இன்னும் ஒன்று. மாதம் ஒருமுறை, ஏதாவது ஒரு டேப்பிலிருந்து ஏதாவது ஒரு ஃபைலைத் திரும்ப எடுத்து, திறந்து, காதால் கேட்க வேண்டும். எடுத்து வைத்தோம் என்பது பாதி வேலை. திரும்ப வருகிறதா என்று பார்த்தால்தான் மீதி. சர்வரில் எதையும் அழிக்க இனி இரண்டு பேர் வேண்டும். அதில் ஒருவர் கட்டாயம் நான் இல்லை! இதை முன்மொழிந்ததும் நான்தான்.

நம் வீடுகளையும் நினைத்துப் பார்க்கிறேன். போனில் ஆயிரக்கணக்கில் போட்டோ, அம்மா அனுப்பிய வாய்ஸ் மெசேஜ், குழந்தையின் முதல் மழலை. எல்லாம் பத்திரமாக இருக்கிறது என்று நம்புகிறோம். கடைசியாக எப்போது திறந்து பார்த்தோம்? வேண்டும் என்கிற நாளில்தான் கை வைக்கிறோம். அது தாமதமான நாள். உங்களுக்கு டேப் டிரைவ் தேவைப்படாது. ஆனால் ஒரே இடத்தில் இருப்பதை, இந்த ஞாயிற்றுக்கிழமை, வேறு ஊரில் இருக்கிற தங்கையிடம் ஒரு பிரதி கொடுத்து வைக்கலாமே? பெயர் எழுதி... தயவுசெய்து பெயர் எழுதி!

நேற்றுக் காலை பிள்ளைச்சாவடி போயிருந்தேன். படகுகள் வந்திருந்தன. வலையைச் சுற்றி ஆண்கள் முண்டியடித்துக்கொண்டு நின்றார்கள். கலாவின் ஒரு கையில் போன், தோளில் சின்ன ஸ்பீக்கர். அக்கா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நடந்தார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அக்கா போனில் தானே ஒரு பட்டனைத் தொட்டார்.

“ஏய்! ஒதுங்கி நில்லுங்கடா!”

கரையே விலகியது. ஒன்பது மாதம் கேட்காத குரல். ஒரு பெரியவர் கையிலிருந்த கூடையைக் கீழே போட்டுவிட்டார். நடுவில் வழி விட்டு நின்றார்கள் எல்லோரும், அக்கா மீனருகே போய் நின்றார்.

நானும்தான் ஒதுங்கி நின்றேன்.